திட்டினால் வரும் கையெழுத்து

மருந்துக்கடை அம்மாவுக்கு ஒரு கிறுக்கு உண்டு. நாளிதழ்களில் பத்தி எழுதும் பெரிய மனிதர்களிடமிருந்து கையெழுத்திட்ட கடிதம் வாங்கிச் சேர்ப்பார். ஆரம்பத்தில் "உங்கள் எழுத்து அமிர்தம்" என்று எழுதிப் பார்த்தார். ஒரு பயலும் பதில் போடவில்லை. ஒருநாள் பல்வலி எரிச்சலில், "உங்கள் பத்தி வந்ததிலிருந்து என் கடையில் தூக்க மாத்திரை விற்பதில்லை" என்று ஒரு பொருளாதாரப் புலிக்கு எழுதிவிட்டார். சீறிக்கொண்டு வந்தது பதில், இரண்டு பக்கம், கையெழுத்தோடு. அன்றோடு பாராட்டுவதைத் தலைமுழுகினார்.

"கண்டவன் வாயிலெல்லாம் எதுக்குடி விழற?" என்பார் கணவர்.

"சும்மாவா விழறேன்? கையெழுத்தோட இல்ல விழறேன்!"

கோபத்தை அடக்குவது எப்படி என்று வாராவாரம் போதிப்பவர் ஒருவர் இருந்தார். அவரையும் அம்மா சீண்டினார். வந்த பதிலில் 'எருமை' என்பதுதான் இருப்பதிலேயே மரியாதையான சொல்.

ஒரு மதியம் அவரே கடைக்கு வந்து நின்றார்.

"அந்தக் கடிதாசியத் திருப்பிக் குடுத்துடுங்கம்மா. எனக்கு விருது குடுக்கப் போறாங்க. அது வெளிய வந்தா மானம் போயிடும். நல்லதா வேறொண்ணு எழுதித் தர்றேன்."

"நல்லதுதான் பேப்பர்லயே வருதே. எனக்கு எருமைதான் வேணும்."

அவர் மேசையில் ஓங்கிக் குத்தினார். இருமல் மருந்துப் புட்டிகள் கிடுகிடுத்தன. அம்மா அசரவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்தார். மடமடவென்று குடித்ததும் மனிதர் காற்றுப் போன பந்தாகிவிட்டார்.

"உண்மையச் சொல்றேன். பத்திய எழுதறது என் மச்சான். பேருதான் என்னுது. நானா உக்காந்து எழுதினது உங்களைத் திட்டினது ஒண்ணுதான்."

அம்மாவுக்குப் பாவமாகப் போயிற்று. கோப்பிலிருந்து கடிதத்தை உருவி அவர் கையில் கொடுத்தார்.

"கொண்டு போங்க. ஆனா அந்த மச்சான் கையெழுத்து எனக்கு வந்தாகணும்."

வராது என்றுதான் நினைத்தார். வந்தது. நுணுக்கி நுணுக்கி நாலு பக்கம், அத்தனையும் அக்கா புருஷனைக் கிழிகிழியென்று கிழித்து. அடியில் பக்க அகலத்துக்கு ஒரு கையெழுத்து.

கணவர் நின்ற வாக்கிலேயே முழுசாகப் படித்தார்.

"எழுத்துன்னா இதுதாண்டி! சட்டம் போட்டு மாட்டு."

"விருது விழா முடியட்டும்" என்றார் அம்மா, சுவரில் நல்ல இடமாகத் தேடிக்கொண்டே.