சூளையார் கழகத்தின் ஒற்றைக் கேள்வி

பார்தோ ஆற்றின் வடகரையில், நவம்பர்த் திங்களின் கடைசி ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், ஏழு சூளைகளின் புகைபோக்கிகளும் ஓய்ந்து நிற்க, வாரம் முழுதும் மண்ணைக் குழைத்தும் அறுத்தும் அடுக்கியும் சுட்டும் கைகள் சிவந்துபோன ஊர், ஒரே ஓடையாய்த் திரண்டு, தைலமரத் தோப்பைக் கடந்து, கரையோரக் கால்பந்துத் திடலை நோக்கி நடந்துகொண்டிருந்தது. கதிரவன் மேற்கே சாயத் தொடங்கியிருந்தான். அடுக்கெல்லாம் பிரித்தெடுத்த சூளையின் உட்புறம்போல வானம் வெளிறியும் வெம்மை குன்றாமலும் கிடந்தது. செங்கல் நிறத்தில் சாம்பற்பட்டை குறுக்கிட்ட சட்டையணிந்த ஆடவரும், சுரைக்குடுவையில் கசப்பு மாத்தே இலைத்தேநீரை ஏந்தி வெந்நீர்க் குப்பியைக் கக்கத்தில் இடுக்கிய பெண்டிரும், நடக்க இயலாமல் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொணரப்பட்ட முதியோரும் திடலின் படிகளில் நெருங்கி அமர்ந்தனர். அப்படிகள், எந்த வணிகனும் வாங்க மறுத்த கோணற் கற்களால் கழகத்தார் தாமே கட்டியவை. மண் சிவப்பு, மதில் சிவப்பு, நெருநல் துவைத்து உலர்த்திய துணியும் சிவப்பு. புல் ஒன்றே பச்சை, அதுவும் இரண்டு இலக்குகளின் முன்னே தேய்ந்து வழுக்கை விழுந்த பச்சை.

அன்று படிகளில் பாட்டு எழவில்லை. சான் தியோகு ஊரின் அணியை அன்று வென்றால் சூளையார் கழகம் மாநிலத்தின் மூன்றாம் பிரிவில் நிலைக்கும். ஆட்டம் சமனில் முடிந்தாலும் வீழும். மூன்றாம் பிரிவுக்குக் கீழே வேறொரு பிரிவு இல்லை. கூட்டமைப்பின் பட்டியலிலிருந்து அறுபத்தோர் ஆண்டுப் பெயர் நீங்கும், ஞாயிறுதோறும் இவ்வூர் செல்வதற்கு இடமின்றிப் போகும், அவ்வளவே. அதைப் பெரிதென்று கருதாதவர் அவ்வூரில் எவரும் இலர்.

படிப்போர் இக்கழகத்தின் மரபொன்றை இங்கே அறிதல் வேண்டும். சூளைத் தொழிலாளியின் சொல் சூளை வாயிலைத் தாண்டிச் செல்லாத காலம் ஒன்றிருந்தது. கல் உடைந்தால் அவன் உடைத்தான் என்பதே தீர்ப்பு. அவன் ‘இல்லை’ என்றால், சொன்னதை விடுத்து அவன் கண்ணைக் கூர்ந்து நோக்கி, அங்கே பொய்யைத் தேடுவதே முதலாளிமாரின் வழக்கம். அடிமைகளின் பேரரும் கப்பலேறி வந்த ஏழையரின் பிள்ளைகளும் சேர்ந்து அமைத்த கழகம், முதன்முதலாய் முதலாளிமாரின் அணியை எதிர்த்து ஆடிய நாளில், எதிரணியின் பிழைக்கு ஈடாக நடுவர் ‘பெனால்ட்டி’ எனும் ஒறுப்பு உதையை வழங்கினார். முதல் அணித்தலைவனான பெலார்மீனோ, கீழே கிடந்த தன் தோழன்மேல் குனிந்து ‘பட்டதா?’ என்று வினவினான். ‘படவில்லை’ என்றான் அவன். பெலார்மீனோ பந்தை வெள்ளைப் புள்ளியில் வைத்து, இலக்குக் காவலனை ஏறிட்டும் பாராமல், மதிலுக்கு மேலே ஆற்றுக்குள் உதைத்தான். ஓர் இலக்கு வேறுபாட்டில் கழகம் தோற்றது. முதலாளிமார் ஒரு கிழமை சிரித்தனர். தொழிலாளர் அறுபத்தோர் ஆண்டுகளாய்ச் சொல்லி வருகின்றனர்.

அன்று தொட்டு இதுவே நெறி: ஒறுப்பு உதையை அணித்தலைவனே உதைக்க வேண்டும்; உதைக்குமுன் வீழ்ந்தவனை ஒருமுறை கேட்க வேண்டும். பட்டது என்றால் இலக்கு. படவில்லை என்றால் ஆறு. நடுவரின் கண்ணுக்கும் படிகளில் இருப்போரின் கூச்சலுக்கும் அங்கே மதிப்பில்லை. கேட்டவன் தன் கண்ணால் கண்டதற்கும் மதிப்பில்லை. விடை எதுவோ அதுவே உண்மை.

ஆட்டத்துக்கு முன், உடைமாற்றும் அறையில், அணித்தலைவன் ஜுவெனால் தன் வலது முழங்காலில் துணிப்பட்டையை இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தான். முப்பத்தாறு வயது, பின்காவலின் நடுவிடம், கிழமை நாள்களில் ஓடு ஏற்றும் வண்டியின் ஓட்டுநன். வண்டி ஓட்டக் கற்பதற்கு முன்னே கழக மரபைக் கற்றவன். அதில் ஓர் எழுத்துப் பிசகினும் பொறாதவன். அவனருகே அமர்ந்து காலணிக் கயிற்றை நாவால் நனைத்து நுனி திரித்துக்கொண்டிருந்தான் வால்தெமிர்: இடப்பக்க முன்னாட்டக்காரன், சூளையில் கல் அடுக்குபவன், ஜுவெனாலின் மகளுக்குத் திருமுழுக்கில் ஞானத்தந்தையாய் நின்றவன். அவ்வுறவால் அவ்விருவரும் ஒருவரையொருவர் ‘கும்பாத்ரே’ என்றே அழைத்தனர்.

“கும்பாத்ரே, உன் முட்டி கதறுறது எங்க சூளை வரைக்கும் கேக்குது.”

“கதறட்டும். இன்னும் தொண்ணூறு நிமிஷந்தான் அதுக்கு வேலை. நீ ஒழுங்கா பாஸ் குடு, போதும்.”

“நான் குடுப்பேன். நீ வந்து சேரணுமே. போன வாரம் குடுத்ததுக்கு நீ இன்னும் ஓடிட்டிருக்கே.”

அறை நகைத்தது. சட்டைகளை மடித்துத் தந்துகொண்டிருந்த சுல்மீரா, கழகத்தின் துணிகளை இருபது ஆண்டாய் வெளுத்து வருபவள், எவருக்கும் அஞ்சாத நாவினள், இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“ரெஃப்ரீ இன்னைக்கு நமக்கு ஒரு பெனால்ட்டி குடுத்தான்னு வை. பெலார்மீனோ மாதிரி ஆத்துல விட்டீங்க, துணியெல்லாம் நீங்களே தொவச்சுக்கங்க, சொல்லிட்டேன்.”

“பெலார்மீனோவப் பத்தி வாயத் தொறக்காதே சுல்மீரா” என்றான் ஜுவெனால்.

“ஏன் தொறக்கக் கூடாது? எங்கப்பன் கோலுக்குப் பின்னாடிதான் நின்னுட்டிருந்தாரு. அந்தாளு காலு சறுக்கிப் பந்து பறந்துருச்சாம். ‘கேட்டேன், படலைன்னான்’னு அப்புறமா கதை கட்டினானாம்.”

“உங்கப்பன் பாத்தாரு, சரி. பெலார்மீனோ சொன்னாரு. நம்ம கிளப்புல எது செல்லும்?”

அவள் தோளைக் குலுக்கினாள், வால்தெமிர் சீழ்க்கையடித்தான், அணி வெளியே சென்றது.

ஆட்டம் அழகாக இருந்தது என்று கூற இயலாது. அச்சம் கொண்ட கால்கள் பந்தைத் தம்மிடம் வைத்திருக்க விரும்புவதில்லை. இருபுறமும் பந்து வானிலேயே திரிந்தது. முதற்பாதியில் சான் தியோகு அணி ஓர் இலக்கை அடித்தது. இரண்டாம் பாதியின் நடுவே, மூலை உதையொன்றில், ஆறு பேர் ஒருங்கே எழும்பி ஒருவர்மேல் ஒருவர் சரிந்த குழப்பத்தினின்று, எவர் நெற்றியில் பட்டதென்று இன்றளவும் துணியப்படாத வகையில், பந்து உருண்டு கோட்டைக் கடந்தது. ஒன்றுக்கு ஒன்று. அதன்பின் நிமிடங்கள், மணலிற் கொட்டிய நீர்போல, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமற் போயின.

இறுதிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில், ஜுவெனால் தன் காவலிடத்தைக் கைவிட்டு எதிரணியின் எல்லைக்குள் வலப்புறமாய் வந்து நின்றான். இடப்புறத்திலிருந்து வால்தெமிர் பந்தை ஓட்டி வந்தான். சான் தியோகு அணியின் பின்காவலன் ஒனோரீனோ, மரம் சாய்வதுபோல நீண்டு, இடக்காலை வீசி அவனை மறித்தான். வால்தெமிர் வீழ்ந்தான். நடுவர் ஊதலை ஊதி வெள்ளைப் புள்ளியைச் சுட்டினார்.

ஜுவெனால் கண்டிருந்தான். வீசிய காலுக்கும் ஓடிய காலுக்கும் இடையே ஒரு கையகல வெளி இருந்ததையும், அவ்வெளியின் ஊடாக அப்பாலிருந்த புல் தெரிந்ததையும், பத்தடித் தொலைவிலிருந்து, ஐயத்துக்கு இடமின்றிக் கண்டிருந்தான்.

நாலாயிரம் பேர் ஊமையாயினர். கேள்விக்காக ஊர் காக்கும் அமைதி அது. எதிரணியின் இலக்குக் காவலன் கம்பத்தில் சாய்ந்துகொண்டு, “கேளுய்யா, கேளு! ஆறு உனக்காகத்தான் காத்திருக்கு!” என்று கூவினான். ஜுவெனால் நடந்து சென்று குனிந்தான். வால்தெமிரின் முகம் புழுதியில் பதிந்திருந்தது, பற்கள் நெறுநெறுத்தன.

“பட்டுச்சா?”

“பட்டுச்சு.”

அந்நேரத்தில் நிமிர்ந்திருக்க வேண்டும். அறுபத்தோர் ஆண்டுகளில் பதினான்கு அணித்தலைவர்கள் அவ்வாறே நிமிர்ந்திருந்தனர். அவர்களுள் எத்தனை பேர் பொய்யைக் கேட்டு நிமிர்ந்தனர் என்பதை யார் அறிவார்? ஆயின் ஜுவெனாலின் முதுகு நிமிரவில்லை. நெறியின்மேல் அவன் கொண்டிருந்த பற்றே அவனை அழுத்திப் பிடித்தது. கழகம் பிழைக்க வேண்டும் என்ற ஆசையால் தோழன் பொய்யுரைக்கிறான். பொய்யால் அடித்த இலக்கில் பிழைத்தால் கழகம் கழகமாய் இராது. இதை இவன் உணர வேண்டும். இவ்வாறு எண்ணி, குனிந்தபடியே, அவன் கண்ணைக் கூர்ந்து நோக்கினான்.

“கும்பாத்ரே, என்னைப் பாரு. பட்டுச்சா?”

வால்தெமிர் தலையைத் திருப்பினான். வலியால் சுருங்கியிருந்த அவன் முகம் மெல்ல மெல்ல வலியை மறந்தது. அதனிடத்தில் வேறொன்று வந்து அமர்ந்தது.

“ஒருதடவ கேட்டாச்சு. ரெண்டாவது கேள்வி நம்ம கிளப்புல கிடையாது.”

இருவர்க்கு மட்டுமே கேட்ட சொற்கள் அவை. ஜுவெனால் எழுந்தான். பந்தைப் புள்ளியில் வைத்தான். மதிலுக்கு அப்பால் ஆறு மின்னியது. அங்கே உதைத்தால், நாலாயிரம் பேர் முன்னே, தன் மகளின் ஞானத்தந்தை ‘படவில்லை’ என்று உரைத்ததாய் ஆகும். அவன் உரைக்காததை அவன் வாயில் திணித்ததாய் ஆகும். இலக்கில் உதைத்தால், தான் கண்டதைக் காணாததாய் ஆக்க வேண்டும். நான்கு அடி பின்வாங்கினான், ஓடினான், இடமூலையில் உதைத்தான். காவலன் பாய்ந்த திசை சரிதான், கைதான் எட்டவில்லை.

அதன்பின் நிகழ்ந்ததை விரித்துரைத்தல் வேண்டா. படிகள் உடைந்து திடலுக்குள் வழிந்தன. ஊர் முழுதும் ஒரே மெய்யாகிக் குதித்தது. அந்த நெருக்கத்தினூடே ஒனோரீனோ வழியமைத்து வந்து, தோற்றவன் வென்றவனுக்கு அளிக்கும் கையை ஜுவெனாலிடம் நீட்டினான், நல்ல ஆட்டக்காரன், பகை பாராட்டாதவன்.

“போய்ட்டு வர்றோம்யா, நல்லா இருங்க. உங்க ஆளோட இடுப்புல ஐஸ் வைக்கச் சொல்லு. அடி நல்லா எறங்கிடுச்சு.”

“இடுப்புலயா? உன் காலுதான் எட்டலையே!”

“காலு எட்டலதான். முட்டி எட்டுச்சே! இந்த வலது முட்டி, நேரா எலும்புல. நீ அந்தப் பக்கம் நின்னே, உனக்கு எங்க தெரியப்போவுது?”

ஜுவெனாலின் கை அவன் கையிலேயே தங்கிவிட்டது. ஒனோரீனோ அதை மெல்லக் கழற்றிக்கொண்டு சென்றான்.

உடைமாற்றும் அறையில் வால்தெமிர் மரப்பலகையில் ஒருக்களித்துக் கிடந்தான். இடுப்பெலும்பின்மேல் கத்திரிக்காய் நிறத்தில் ஒரு வீக்கம் பருத்திருந்தது. சுல்மீரா பனிக்கட்டியைச் சட்டையொன்றில் முடிந்து அதன்மேல் அழுத்திக்கொண்டிருந்தாள். ஜுவெனாலின் முகத்தைக் கண்டதும், அவள் தன் நாவுக்கு வாராத அமைதியோடு முடிப்பை வால்தெமிரின் கையில் கொடுத்துவிட்டு வெளியே சென்றாள்.

“கும்பாத்ரே…”

“கோல் நல்லா இருந்துச்சு. இன்னொரு கை இருந்தாலும் எட்டிருக்க மாட்டான்.”

“நான் ரெண்டாவது தடவ…”

“அது யாருக்கும் கேக்கல. விடு.”

“எனக்குக் கேட்டுச்சு. நான் பாத்தது தப்புடா. ஒனோரீனோவே சொல்லிட்டான், முட்டின்னு.”

வால்தெமிர் பனிக்கட்டி முடிப்பை இடுப்பில் இடம் மாற்றி வைத்தான்.

“ஓ. அவன் சொன்னதும் நம்பிட்டே.”

ஜுவெனால் தன் முழங்காலின் துணிப்பட்டையை அவிழ்க்கத் தொடங்கினான்.

“கோவமில்லடா. அடுத்த ஞாயித்துக்கிழம பொண்ணக் கூட்டிட்டு வா, கறி சுடலாம். ஆனா ஒண்ணு சொல்லிடறேன், அப்புறம் இதப் பத்திப் பேச மாட்டேன். பட்டுச்சுன்னு நான் சொன்னப்ப, என் கண்ணுக்குள்ள எதையோ தேடினே பாரு? சூளையில ஒரு கல்லு குறைஞ்சா என் மொதலாளி அப்படித்தான் தேடுவான்.”

இரண்டு ஆண்டுகள் கழித்துக் கழகம் எப்படியும் பட்டியலிலிருந்து வீழ்ந்தது. உலகம் அழியவில்லை. திடலும் கோணற்படிகளும் அங்கேயே உள்ளன. ஞாயிறுதோறும் யாரேனும் யாரையேனும் எதிர்த்து ஆடுகின்றனர். ஒறுப்பு உதை கிடைத்தால் கேள்வியும் கேட்கப்படுகிறது. அந்த நவம்பர் நாளைக் கழகத்தின் வரலாற்றில் எழுதியவர், கேட்டான், விடை பெற்றான், உதைத்தான் என்று மூன்றே தொடர்களில் முடித்தார். நெறி காத்த அணித்தலைவருள் ஜுவெனாலின் பெயர் உயர்ந்த இடத்தில் நிற்கிறது. அவன் அதை மறுத்துப் பார்த்தான்; பணிவு என்று பாராட்டினர்.

வால்தெமிர் தன் சொல்லைக் காத்தான். அதைப் பற்றிப் பின்னர் ஒருபோதும் பேசவில்லை. இருவரும் ஒன்றாகக் கறி சுட்டனர், ஒன்றாக மாத்தே பருகினர், ஒருவர் வீட்டுக் கூரையை ஒருவர் வேய்ந்தனர். ஆனால் அந்நாள் முதல் ஜுவெனாலிடம் ஒரு புதிய வழக்கம் குடியேறியது. மனைவியோ மகளோ, வண்டியில் ஓடு ஏற்றும் கூலியாளோ, அவனிடம் எதையேனும் சொல்லத் தொடங்கினால், அவன் உடனே தன் பார்வையைத் தரைக்குத் தாழ்த்திக்கொள்வான். அகவை ஏறச் செருக்கும் ஏறுகிறது என்றனர் சிலர். செவி மந்தமாகிவிட்டது என்றனர் சிலர். அவனோ, கேட்கும் சொல்லின் முகத்தைப் பாராமலே அதை ஏற்றுக்கொள்ளும் அரிய பயிற்சியை, பிந்தித் தொடங்கிய மாணவனுக்குரிய மெய்வருத்தத்தோடு, நாள்தோறும் பயின்றுகொண்டிருந்தான்.