நன்றியுரையில் விட்டுப்போன பேர்

மகேஷ் நன்றியுரை சொன்னால் ஒரு பேர் விட்டுப்போகாது. சேரன்மகாதேவி ரோட்டில் இருக்கும் அந்த இன்ஜினியரிங் கல்லூரியில் எந்த விழா நடந்தாலும் கடைசியில் மைக்கை அவன் கையில் கொடுத்துவிடுவார்கள். சேர்மனில் ஆரம்பித்து, மைக் செட் போட்ட அப்பாத்துரை அண்ணாச்சி, வடை போட்ட கேன்டீன் ஆட்கள், வாசலில் கோலம் போட்ட பிள்ளைகள் வரைக்கும் அத்தனை பேரையும் பேர் சொல்லிக் கும்பிடுவான். ஒவ்வொரு பேருக்கும் மாணவர்கள் கை தட்டுவார்கள். ஒருத்தர் பேர் விட்டுப்போனாலும் அவர் அடுத்த ஆண்டுவிழா வரைக்கும் முகம் கொடுத்துப் பேச மாட்டார் என்பது அவனுக்குத் தெரியும். அப்பேர்ப்பட்ட ஆள்தான் அன்றைக்கு ஒரு பேரை அழித்துவிட்டு மேடையில் உட்கார்ந்திருந்தான்.

அவன் பயோமெடிக்கல் துறையில் உதவிப் பேராசிரியர். கம்ப்யூட்டர் திரையில் எலும்பும் தசையுமாக ஒரு உருவத்தை நடக்கவிட்டு, எந்தத் தசை எவ்வளவு இழுக்கிறது, எந்த மூட்டில் எவ்வளவு பாரம் விழுகிறது என்று கணக்குப் பார்ப்பது அவன் வேலை. இப்படிப்பட்ட மாடல்களை எங்கெங்கோ இருக்கிற ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கி ஒரு இணையதளத்தில் ஏற்றி வைக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், தன் தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம். காசு கிடையாது. அவர்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: யார் செய்தது என்று பேரைப் போட வேண்டும்.

போன வருஷம் மகேஷ் அப்படி ஒன்றை இறக்கினான். செய்தவர் பேர் ‘என்.டி.’ என்று மட்டும் இருந்தது. ஏதோ வெளிநாட்டு ஆள் என்று நினைத்துக்கொண்டான். அவன் கம்ப்யூட்டரில் அது நடக்க மாட்டேன் என்றது. முழங்கால் முட்டு பின்பக்கமாக மடிந்து குப்புற விழுந்தது. தளத்தின் கேள்விப் பக்கத்தில் தன் பேரையும் கல்லூரிப் பேரையும் போட்டு உதவி கேட்டான். என்.டி. மறுநாளே பதில் எழுதினார். அவன் செய்துவைத்திருந்த குளறுபடியை வாங்கிப் பார்த்து, தப்பு எங்கே என்று காட்டி, திருத்தியும் அனுப்பினார். கூடப்பிறந்தவர்கள்கூட அவ்வளவு பொறுமையாகச் செய்வார்களா என்பது சந்தேகம். உருவம் எழுந்து நடந்தது.

அது நடந்துகொண்டிருக்கும்போதுதான் துறைத்தலைவர் சிவசண்முகம் பின்னால் வந்து நின்றார்.

“என்ன வே இது? நீரே செஞ்சதா?”

“ஆமா சார், இதுலதான் ரெண்டு மாசமா மெனக்கெட்டுக்கிட்டு இருக்கேன்.”

மெனக்கெட்டது உண்மைதான். மற்றதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டான். ஆனால் சிவசண்முகத்தின் வாயில் நல்ல சேதி தங்காது. முதல்வரிடம் சொன்னார், சேர்மனிடம் சொன்னார், வீட்டில் போய் மனைவியிடமும் சொன்னார். அந்த அம்மா ஒரு டப்பா நிறைய அதிரசம் கொடுத்துவிட்டார். அதைத் தின்ற வாயால் எப்படி இல்லை என்பது? புதிதாக வரப்போகும் ஆய்வகத்துக்கு மகேஷ்தான் பொறுப்பு என்று வேறு பேச்சு அடிபட்டது. அன்று சாயங்காலம் மாடலைத் திறந்ததும் வருகிற ‘என்.டி.’ என்ற வரியை அழித்துவிட்டுத் தன் பேரைப் போட்டான். கூசத்தான் செய்தது. கூசிக்கொண்டேதான் போட்டான்.

மாடலைக் காட்டுவதற்கென்று துறையில் ஏற்பாடு செய்திருந்த கருத்தரங்கு நாள் வந்தது. சிறப்பு விருந்தினர் பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிற முனைவர் நித்யா. வண்ணார்பேட்டைதான் சொந்த ஊர் என்பதால், “நம்ம ஊர்ப் பிள்ளை” என்று சிவசண்முகம் ஆசையாகக் கூப்பிட்டிருந்தார். மகேஷ் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அரங்குக்குள் வந்தபோது நித்யா ஏற்கெனவே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதுக்காரர், பருத்திச் சேலை, மடியில் கைப்பை. பார்த்து வணக்கம் வைத்தான். அவரும் வைத்தார்.

முதலில் மகேஷ் பேசினான். பெரிய திரையில் உருவம் நடந்தது. அதன் கீழே அவன் பேர் கொட்டை எழுத்தில் இருந்தது. பேசி முடித்ததும் சிவசண்முகம் மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கி, புது ஆய்வகத்தின் பொறுப்பாளர் மகேஷ்தான் என்று அறிவித்தார். கைதட்டல் ஓய்ந்ததும் நித்யா கையை உயர்த்தினார்.

“ஒரு சந்தேகம். அந்த இடது கால் பைய வெளிப்பக்கமா சுத்தி வந்து விழுதே, அது ஏன்?”

ஏன் என்று மகேஷுக்குத் தெரியாது. இறக்கிய நாளிலிருந்தே அந்தக் கால் அப்படித்தான் நடந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இது வேறு ஒருத்தர் செய்தது என்றும் சொல்லியிருக்கலாம், அதற்கென்றே வாசலைத் திறந்து வைத்த மாதிரி இருந்தது அந்தக் கேள்வி. ஆனால் எதிரே சேர்மன் இருந்தார். பக்கத்தில் சிவசண்முகம் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“சீவலப்பேரில ஒரு பெரியவர் மேடம். வயல் சேத்துலயே நடந்து நடந்து கால் அப்படி ஆயிட்டு. அவரை வெச்சுதான் அளவு எடுத்தேன்.”

“அப்படியா. அவர் பேரு என்ன?”

“நடராஜ்.”

கொஞ்சமும் தடுமாறாமல் வந்தது. பேர் விஷயத்தில் கெட்டிக்காரன் அல்லவா.

நித்யா தலையை ஆட்டிக்கொண்டார். அடுத்து அவர் பேச வேண்டும். பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து மேடையை நோக்கி நடந்துவந்தார்.

அவருடைய இடது கால் பைய வெளிப்பக்கமாகச் சுற்றி வந்து விழுந்தது. விழும்போது இடது தோள் கொஞ்சம் இறங்கி ஏறியது. பின்னால் திரையில் அந்த உருவம் இன்னும் நடந்துகொண்டுதான் இருந்தது. அதே சுற்று, அதே இறக்கம். இரண்டாம் வரிசையில் ஒரு பெண் திரையைப் பார்த்தாள், நித்யாவைப் பார்த்தாள், மறுபடியும் திரையைப் பார்த்தாள். மகேஷுக்கு லேப்டாப்பை மூடவும் கை வரவில்லை.

நித்யா அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சின்ன வயசில் டவுன் பஸ்ஸில் ஏறும்போது விழுந்ததையும், அதற்குப் பிறகு தன் காலையே அளந்து அளந்து ஆராய்ச்சிக்கு வந்ததையும் சொன்னார். “நல்ல கால் மாடல் நிறைய இருக்கு. இந்த மாதிரி கால் கெடைக்கிறது கஷ்டம். அதான் எல்லாருக்கும்னு ஏத்தி வெச்சேன்,” என்றார். அரங்கு அமைதியாகக் கேட்டது. சிவசண்முகம்கூட ரசித்துத்தான் கேட்டார், அவருக்கு இன்னும் ஒன்றும் உறைக்கவில்லை.

பேசிவிட்டு வந்து மேடையிலேயே மகேஷுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

“இப்ப முட்டு பின்னால மடியலைல்லா?”

இவர்தான் என்.டி. இவருக்கு அவனை வரும்போதே தெரியும். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் என்று சொல்வார்களே, மகேஷுக்கு அதுகூடப் போதாது போலிருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். முட்டு மடிகிறதா என்று விசாரிக்கிறாரே.

“இல்ல மேடம்,” என்றான்.

நன்றியுரைக்குக் கூப்பிட்டார்கள். சேர்மனுக்கு நன்றி சொன்னான், தட்டினார்கள். முதல்வருக்கு, சிவசண்முகத்துக்கு, அப்பாத்துரை அண்ணாச்சிக்கு, கேன்டீன்காரர்களுக்கு. எல்லாருக்கும் தட்டினார்கள். முடித்துவிட்டுக் கும்பிட வேண்டிய இடம் வந்தது. கும்பிட்டான். ஆனால் மைக்கை விட்டு நகரவில்லை.

“ஒரு பேர் விட்டுப்போச்சு. நித்யா மேடம். இந்த மாடலை நான் செய்யல, அவங்க செஞ்சது. அந்தக் கால் அவங்க கால். அவங்க பேரை அழிச்சிட்டு என் பேரைப் போட்டேன். சீவலப்பேரில நடராஜ்னு யாரும் கிடையாது.”

நன்றியுரை என்றால் பேர் கேட்டதும் தட்டிப் பழகிய பிள்ளைகள். பின்வரிசை என்ன சொன்னான் என்று காதில் வாங்காமலே பலமாகத் தட்டியது. சிவசண்முகமும் சிரித்த முகத்தோடு இரண்டு தட்டுத் தட்டினார். மூன்றாவதுக்குத் தூக்கிய கை அப்படியே நின்றது. முன்வரிசையில் ஒவ்வொருத்தராக நிறுத்தினார்கள். பின்னால் மட்டும் வெகுநேரம் தட்டிக்கொண்டிருந்தார்கள், அது அடங்குகிற வரைக்கும் மகேஷ் கும்பிட்ட கைக்குப் பின்னாலேயே முகத்தை வைத்துக்கொண்டு நின்றான்.