நாற்பத்திரண்டாம் நிமிஷம்

வட்டவடை போகும் ஜீப்பில் என் மடியில் இருந்தது ஒரே ஒரு டிவிடி. அட்டையில் துப்பாக்கி, மூடுபனி, யாரோ ஒருத்தியின் பயந்த முகம். ஒரு மலையாளச் சேனல் போன ஓணத்துக்குப் போட்ட கொலைக்கதை. எங்கள் பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட்டில்தான் எடுத்தார்கள். கொழுந்து கிள்ளுகிற பெண்களில் நன்றாக அழத் தெரிந்தவள் வேண்டும் என்றார்கள், நான் போனேன். கொலையாகும் டிரைவரின் பெண்டாட்டியாகப் பொட்டை அழித்துக்கொண்டு இரண்டு நிமிஷம் அழுதேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

மருமகளாக வரப்போகிறவள் நடித்த படமாயிற்றே என்று சாந்தம்மாள் மூணாறு கடையில் ஆசையாக அதை வாங்கிப் பார்த்திருக்கிறார். மறுநாளே சொல்லியனுப்பிவிட்டார்: "தாலி ஏறுறதுக்கு முன்னாடியே பொட்டழிச்ச பொண்ணு எங்க வீட்டுக்கு வேண்டாம்."

கல்யாணத்துக்கு இருபது நாள்தான் இருந்தது. "நான் வேணா போய்க் கெஞ்சிப் பாக்கட்டுமா சித்ரா?" என்றார் அப்பா. "யாரும் கெஞ்ச வேண்டாம்ப்பா, நானே போறேன்" என்றேன். மாப்பிள்ளை மணிகண்டனுக்கு ஆறு நாளாக ஃபோன் அடித்தேன், எடுக்கவில்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. அதனாலேயே கோபமும் இரண்டு மடங்காக இருந்தது.

வட்டவடையில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனபோது சாந்தம்மாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். மணிகண்டன் என்னைப் பார்த்ததும் எழுந்து சுவரோரமாக நின்றார்.

"அத்தை, அந்தப் படத்தை எங்கூட ஒரு தடவை பாருங்க. அப்புறம் நான் போயிர்றேன்."

"அந்தக் கண்றாவியை இன்னொரு வாட்டி வேற பாக்கணுமா?" என்றாரே தவிர, விரட்டவில்லை. நானே பிளேயரில் போட்டு நாற்பத்திரண்டாம் நிமிஷத்துக்கு ஓட்டினேன். டிவியில் நான் மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்னைப் பாக்க வேண்டாம் அத்தை. பொணத்தோட காலைப் பாருங்க."

படத்தை நிறுத்தினேன். முகத்தையும் சேர்த்து மூடிய வெள்ளைத் துணி. வெளியே, கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிய இரண்டு கால்கள். இடது கட்டைவிரலின் நகம் பிளந்து கறுத்திருந்தது. ஜீப் ஜாக்கி நழுவி விழுந்த விரல். அதற்கு மூன்று மாதம் மஞ்சள் பற்றுப் போட்டவர் சாந்தம்மாள்.

"அடேய் மணி!" பூண்டுத் தட்டு கவிழ்ந்தது.

படக்காரர்களுக்கு ஜீப் ஓட்ட வந்தவர் மணிகண்டன். பிணத்துக்குப் பேசியிருந்த ஆள் வராததால் இவர் படுத்தார். "இன்னும் கொஞ்சம் சத்தமா அழுங்க, எனக்குக் கேக்கல" என்று துணிக்கடியிலிருந்து என்னைச் சிரிக்க வைத்தார். எங்கள் பழக்கமே அங்கேதான் ஆரம்பித்தது.

சாந்தம்மாள் உள்ளே ஓடி உப்பும் மிளகாயும் எடுத்துவந்து, மகன் தலையை மூன்று முறை சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் வெடித்தது. "எல்லாத் தோஷமும் போச்சு" என்று மூச்சு விட்டார்.

"செத்துக் கெடந்தவருக்கு ஒரு கை உப்பும் மிளகாயும் போதும். அழுதவளுக்குக் கல்யாணமே நிக்கணுமா அத்தை?"

சாந்தம்மாள் உள்ளே போய் இன்னொரு கை உப்பு எடுத்துவந்தார். "நீயும் வந்து உக்காரு தாயி. நான் சொன்னதை மனசுல வச்சுக்காத."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. உட்கார்ந்தேன். என்னையும் சுற்றிப் போட்டார்.

மணிகண்டன் அப்போதுதான் சிரித்தார். "அதான் அம்மாவே சரின்னுட்டாங்கல்ல. நான் நடுவுல பேசாம இருந்ததும் நல்லதாப் போச்சு."

எனக்கு வந்ததே ஆத்திரம்! எழுந்து டிவிடியை எடுத்து உறையில் போட்டேன்.

"படத்துல வாயத் தொறக்காமக் கெடந்தது நடிப்பு. இந்த ஆறு நாளு?"

சாந்தம்மாள் பக்கம் திரும்பினேன்.

"அத்தை, உங்க மேல எனக்கு வருத்தமில்ல. இந்தக் கல்யாணம் வேண்டாம்னு இப்ப நான் சொல்றேன்."

மூணாறு ஜீப் ஆள் சேர்வதற்காக நின்றுகொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தேன். மணிகண்டன் பின்னாலேயே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜீப்பில் ஆள் நிறையக் கால்மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அவர் ஒன்றும் பேசவில்லை.