வைன்ட்ராபின் கல்

ஹைமி வைன்ட்ராபுக்குக் கல் நாட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஆனந்தராஜா பெற்றோல் ஷெட்டில் அரைநாள் லீவு கேட்டான். யூதர்கள் செத்தவருக்கு உடனே கல் வைப்பதில்லை. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, உறவுகளைக் கூப்பிட்டுத்தான் கல்லின் மேல் போர்த்திய துணியை விலக்குவார்கள். இதெல்லாம் ஹைமியே சொல்லித் தந்தது. "என் கல்லில் என் பெயரும் நட்சத்திரமும் இருக்கின்றனவா என்று நீ போய்ப் பார். என் மகனை நான் நம்பமாட்டேன்." கிழவர் அவனிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

"வெள்ளைக்காரன்ரை கல்லுக்கு உங்களுக்கு என்ன அலுவல்?" என்றாள் மனைவி கனகாம்பிகை.

"அந்தாள் தன்னை வெள்ளைக்காரன் எண்டு ஒருநாளும் சொன்னதில்லை. யூதன் எண்டுதான் சொன்னவர். நான் போறன்."

எண்பத்தாறில் லண்டன் ஆர்ச்வேயில் பெற்றோல் அடிக்க வந்த கிழவரின் தடித்த கழுத்தில் அறுகோண நட்சத்திரம் தொங்கியது. முருகனுடைய சக்கரமேதான். ஹைகேட் ஹில் முருகன் கோயிலுக்குப் போகிற ஆள் என்று முடிவுகட்டிய ஆனந்தராஜா, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விசாரித்தும் விட்டான். கிழவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

அவர் மல்யுத்தக்காரர். அந்த யூத நட்சத்திரத்தை முதுகில் தைத்துக்கொண்டுதான் மேடை ஏறினாராம். அதைப் பிரித்துவிட்டு ஹாரி வின்டர் என்று பெயரை மாற்றினால் சாம்பியன் ஆக்குகிறேன் என்றான் போட்டி நடத்திய குத்தகைக்காரன். மாட்டேன் என்றார். கூட்டம் காறித் துப்பியது. பட்டமும் கடைசிவரை கிடைக்கவில்லை. "அப்பா வைத்த பெயர். அதை மாற்றிக்கொண்டு வென்றால் வென்றது யார்?" என்று கேட்டார். பிறகு ஆனந்தராஜாவின் சட்டையில் குத்தியிருந்த பெயரட்டையைப் பார்த்தார். ஆன்டி என்றிருந்தது. முதலாளி வைத்த பெயர்.

"இதைக் கழற்று."

"நாளைக்குக் கழற்றுகிறேன்," என்றான் அவன். அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது, வேலை போனால் நடுத்தெருதான். அந்த ‘நாளை’ வரவே இல்லை. கிழவர் மட்டும் வரும்போதெல்லாம், பின்னால் வரிசை காத்து நிற்க, நாக்குச் சுளுக்கிக்கொள்ளும் அளவுக்கு "ஆ-னந்-த-ரா-ஜா" என்று முழுதாகக் கூப்பிட்டார். அந்தக் கடையில் அவனை அப்படிக் கூப்பிட வேறு நாதி இருக்கவில்லை.

மயானத்துக்கு அவன் கோயில் மாலையோடு போனான். மகன் வாசலிலேயே தடுத்தான். நல்ல கோட்டு, நல்ல மரியாதை. "மன்னிக்கவும், எங்கள் வழக்கத்தில் கல்லறைக்குப் பூ வைப்பதில்லை."

ஆனந்தராஜாவுக்கு வெட்கமாகிவிட்டது. மாலையைப் பைக்குள் திணித்தான்.

துணி விலகியது. ஹாரி வின்டர். கீழே இரண்டு தேதிகள். நட்சத்திரத்தைக் காணவில்லை.

"எங்கள் குடும்பம் முழுக்க இப்போது வின்டர்தான். கல்லும் அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தோம்," என்று மகன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்.

பூ வைக்காமல் இருக்க மட்டும் கண்டறியாத வழக்கமாம்! ஆனந்தராஜாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வாழ்நாள் முழுக்க அடி வாங்கியும் அந்த மனிதன் விடாத பெயரைப் பெற்ற பிள்ளை சுரண்டி எறிந்துவிட்டான். உன் அப்பன் எழும்பி வந்தால் உன்னைத்தான் முதலில் தூக்கி அடிப்பார் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது என்று நடந்தான். இங்கிலீஷ் வசனம்கூட வாயில் தயாராக இருந்தது.

மகன் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். வேலையிலிருந்து நேரே வந்த சட்டையை, அதில் குத்தியிருந்த அட்டையை ஒரு கணம் பார்த்தான்.

"வந்ததற்கு நன்றி. ஆன்டி, இல்லையா?"

ஆனந்தராஜா கல்லைத் திரும்பிப் பார்த்தான்.

"யெஸ்," என்றான். "ஆன்டி."