சக்கரம் நின்ற காலை

"ஏன் சித்தப்பா நிறுத்தினீங்க?"

"மூச்சு அடங்கினதும் மோட்டார் சத்தம் எதுக்குன்னு நிறுத்திட்டேன். ஜன்னலையும் திறந்து விட்டேன். உங்கப்பன் நிம்மதியாப் போகட்டும்."

இறந்துபோன அப்பா யோஸ்டீனின் உடலைத் துடைத்து, கறுப்பு சூட் மாட்டி முடிக்கும்வரை அந்த அமைதி சுன்னிவாவுக்கு உறைக்கவேயில்லை. போர்வையைச் சரிசெய்தாள். ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு படகுத்துறைக்கு இறங்கினாள். ஹால்வர் சித்தப்பா பின்னாலேயே வந்தார்.

குடாநீரை வடித்து, மீன் குஞ்சுகளுக்கு இரையான பிளாங்டன் என்ற பொடி உயிர்களைச் சேர்க்கும் மோட்டார் சக்கரம் அசையாமல் நின்றது. தொட்டியிலிருந்து ஒரு கிளாஸ் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தாள். துள்ளவேண்டிய புள்ளிகள் வெளுத்த தூசியாக அடியில் படிந்திருந்தன. லேசான நாற்றம்.

"செத்துடுச்சா?" என்றார் ஹால்வர்.

"ம். தண்ணி ஓடலேன்னா நெருக்கத்துல மூச்சு முட்டிடும்."

மோட்டாரை மறுபடி போட்டாள்.

"அப்ப சரி. புதுசு சேர்ந்ததும் குஞ்சுகளுக்குப் போடு."

"சேர நாளைக்காயிடும்."

"நாளைக்குப் போட்டா குடி முழுகிடுமா? நான் பிடிச்ச மீனுக்கெல்லாம் யாரு ஸ்பூன்ல ஊட்டினா?"

அவள் கொட்டகைக் கதவைத் திறந்தாள். தொட்டியில் காட் மீன் குஞ்சுகள் இமைமுடி கனத்தில் மிதந்தன. கண்கள் மட்டும்தான் தெரிந்தன.

"வயித்துல இருந்த மஞ்சக்கரு தீர்ந்துபோச்சு. அப்பாகூட உட்கார்ந்திருந்ததுல நேத்தும் சரியாப் போடல. இன்னைக்கும் இல்லேன்னா, நாளைக்கு வாய்கிட்ட வந்தாலும் கொத்தத் தெம்பிருக்காது. இந்த வருஷத்துக் குஞ்சு மொத்தமே இவ்வளவுதான்."

ஹால்வர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெடுநேரம் குனிந்து பார்த்தார்.

"இம்புட்டுத்தானா இது?"

"இம்புட்டுத்தான்."

"உங்கப்பன் இதையா ராப்பகலாப் பார்த்துட்டிருந்தான்?"

வெளியே, குடாவின் வாய்க்கு அப்பால், கடல் ஓரிடத்தில் பிளாங்டன் திரண்டு மங்கிய சிவப்பாக இருந்தது. பறவைகள் அங்கேயே சுற்றின. சுன்னிவா ஆணியிலிருந்து மெல்லிய வலையை எடுத்தாள்.

"பிணத்தை வீட்ல போட்டுட்டு எவனாவது கடலுக்குப் போவானா?" என்றார் ஹால்வர். "மதியப் படகுல பெட்டி வருது. பாதிரியார் வர்றார். ஊர் என்ன பேசும்?"

"பேசும்."

அவள் படகில் இறங்கி, கயிற்றை அவிழ்க்காமல், வலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் துறையின் விளிம்பில் நின்றார். பாலிஷ் போட்ட ஷூவில் உப்புத் தண்ணீர் தெறித்தது. கோட்டின் மேல் பொத்தானைத் தொட்டுக்கொண்டே வீட்டுப் பக்கம் பார்த்தார்.

"நான் வலையைப் பிடிச்சுக்கறேன்," என்றாள். "நீங்க மெதுவா துடுப்பு மட்டும் போடுங்க, சித்தப்பா."