இரண்டாவது கையெழுத்து

வயர்மேனின் மனைவி பைனாகுலரைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தபோது, ஒரு வருஷமாகக் காய்ந்திருந்த சேறு சில்லாக உதிர்ந்தது. மூக்குக்கண்ணாடிக்கடைக்காரர் அதைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

“லென்ஸைச் சுத்தம் பண்ணிக் குடுங்கண்ணே. ஞாயித்துக்கிழமை என்னைப் பரணுக்குக் கூட்டிட்டுப் போகணும்.”

“உனக்கெதுக்கும்மா அந்தச் சேத்துக்காடு?”

“அவர் போட வேண்டிய கையெழுத்து நிக்குது. நான் பார்த்துட்டு நானே போடறேன்.”

மனுஷருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “சரிம்மா” என்று மென்று முழுங்கினார்.

காடு முடிந்து சதுப்பு தொடங்கும் இடத்தில், பறவை பார்க்கிறவர்களுக்கென்று ஒரு மரப்பரண் உண்டு. அங்கே ஒரு பதிவேட்டைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருப்பார்கள். சாதாரணப் பறவையை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அபூர்வமானது என்றால் மட்டும் ஒருவர் எழுதினால் செல்லாது. இரண்டாவது ஆள் ஒருவர் தன் கண்ணால் பார்த்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

வயர்மேனும் கண்ணாடிக்கடைக்காரரும் இருபது வருஷம் அந்தப் பரணில் தோளோடு தோள் உட்கார்ந்தவர்கள். எதையும் முதலில் பார்ப்பது வயர்மேன்தான். ஊருக்கே பார்வை அளந்து கண்ணாடி போடுகிற ஆள், “எங்கடா? எங்க?” என்று கேட்டே காலத்தை ஓட்டினார். வெளியே சிரித்தார், உள்ளே வயிறு எரிந்தது. ஒருநாள் வயர்மேன் வேலைக்குப் போயிருந்தபோது தனியாகப் போய், ‘பெருங்குருகு, ஒன்று, நாணலுக்குள்’ என்று எழுதிவிட்டு வந்துவிட்டார். யாரும் அங்கே பார்த்தேயிராத பறவை. நாணலோடு நாணலாக அலகைத் தூக்கி நிற்கும், கண்ணில் படாது, வெறும் குடத்தின் வாயில் ஊதினாற்போலச் சத்தம் மட்டும் கேட்கும். பொய் சொல்ல இதைவிட வசதியான பறவை கிடைக்குமா?

வயர்மேன் விடுவாரா! எவர்சில்வர் ஃப்ளாஸ்கைக் காலி செய்துவிட்டு, அதன் வாயில் மூன்று தடவை ஊதுவார். பூம், பூம், பூம். புகை பிடித்துக் கெட்டுப்போன நெஞ்சு, மூன்றாவது ஊதலுக்குப் பிறகு ஓர் இருமல் வரும். “இதானேடா உன் குருகு?” ஆனால் மற்றவர்கள் சிரித்தபோது மட்டும் சண்டைக்குப் போனார். “அவன் பார்த்தேன்னு சொன்னா பார்த்திருக்கான். நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டதும் உங்க மூஞ்சியை எங்க வெச்சுக்குவீங்க?” பனி மூடிய ஒரு விடியலில் குருகைத் தேடித் தனியாக நாணலுக்குள் இறங்கினார். மறுநாள் சேற்றிலிருந்து பிணமாகத் தூக்கினார்கள். பைனாகுலர் கழுத்திலேயே இருந்தது. ஃப்ளாஸ்க் கிடைக்கவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் பனிதான். பரணில் ஏறியதும் அவள் பதிவேட்டைப் புரட்டி அந்தப் பக்கத்தை எடுத்தாள். சாட்சிக் கட்டம் இன்னும் காலியாக இருந்தது.

“எந்த இடம்ணே?”

வாய்க்கு வந்த திசையில் கையைக் காட்டினார். அவள் பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள். வெகுநேரம் அசையவில்லை.

“அதோ… பழுப்பா ஒண்ணு, கழுத்தைத் தூக்கிட்டு நிக்குதே. அதானே?”

அவர் பைனாகுலரை வாங்கிப் பார்த்தார். ஒடிந்த நாணல். பாவம், பார்த்தே ஆக வேண்டும் என்று வந்தவளுக்கு அது குருகாகத் தெரிந்தது. அவள் அவர் கையிலிருந்து பைனாகுலரை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பேனாவை எடுத்துவிட்டாள். புருஷன் உயிரைவிட்ட பொய்க்கு அவள் கையாலேயே சாட்சி. அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“போடாதம்மா. நான் எதையும் பார்க்கல. அன்னிக்கு இங்க ஒண்ணுமே இல்ல. பொறாமையில எழுதிட்டேன்.”

அவள் கையை உதறினாள். “ஒரு வருஷம்ணே! என் வீட்டுக்கு வந்து, அவர் நாற்காலியில உக்காந்து காப்பி குடிச்சீங்களே, பாவி! வாயைத் திறக்கத் தோணலயா?”

“தினமும் தோணுச்சு. உன் மூஞ்சியைப் பார்த்தா…”

“என் மூஞ்சி மேல பழியைப் போடாதீங்க.”

அப்போதுதான் கேட்டது. பூம்.

இருவரும் நாணல் பக்கம் திரும்பினார்கள். பனிக்குள்ளிருந்து மறுபடியும் பூம். அவர் எந்தத் திசையைக் காட்டினாரோ அங்கிருந்துதான். மூன்றாவது ஊதலும் வந்தது. கண்ணாடிக்கடைக்காரர் மனதுக்குள் வேண்டாத தெய்வமில்லை. குருகாகவே இருக்கட்டும், இதோடு நிற்கட்டும்.

ஓர் இருமல் கேட்டது.

இருபது வருஷம் அந்த இருமலுக்குப் பக்கத்தில் படுத்து எழுந்தவள் அவள். யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. முகத்தில் இருந்த கோபம் அப்படியே வடிந்து போயிற்று. கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றி அவர் கழுத்தில் மாட்டினாள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற பிள்ளைக்குப் பையை மாட்டுவதுபோல.

“உங்களைத்தான் கூப்பிடறாரு. போங்க.”

“தங்கச்சி…”

“எழுதினது நீங்கதானே? போய்ப் பார்த்துட்டு வாங்க. ரெண்டாவது கையெழுத்தை நான் போடறேன்.”

அவர் ஏணியில் இறங்கினார். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு யோக்கியதை இல்லை. கடைசிப் படியில் செருப்பைக் கழற்றினார். தண்ணீர் கணுக்காலைத் தொட்டதும் திரும்பி மேலே பார்த்தார். அவள் பதிவேட்டை மடியில் விரித்து, பேனாவோடு காத்திருந்தாள்.

நாணலுக்குள் மறுபடியும் இருமல் கேட்டது, இந்தத் தடவை கொஞ்சம் பக்கத்தில்.