பவுடர் போட்ட வளைவு

முதல் ஞாயிறு ஒரு காரும் மூன்றாம் வளைவைத் தாண்டவில்லை. சுண்டிய கார்கள் எல்லாம் விளிம்பைக் கடந்து நிலத்தில் விழுந்தன.

பாதையை வடிவமைத்தவள் ஐவி. எட்டடிக்கு நாலடி மேசை, விரல் நீள விளையாட்டுக் கார்கள். முறைவைத்து ஆளுக்கு ஒரு சுண்டு. வெளியே பாய்ந்தால் சுண்டிய இடத்துக்கே திரும்ப வேண்டும். துறைமுகத்தடிக் கரம் விளையாட்டுக் கழகத்தில், காய் சுண்டும் மூன்று பலகைகளுக்குப் பக்கத்தில் நாலாவதுக்கு இடம் இருந்தது. அந்த இடத்தைத்தான் அவள் கேட்டிருந்தாள்.

"இது வளைவில்லை, சீனன்குடா எயார்போர்ஸ் காம்ப்," என்றான் கழகத்தின் சம்பியன் நௌபர். "பாஸ் இல்லாம உள்ளுக்குப் போக ஏலாது."

எல்லோரும் சிரித்தார்கள். செயலாளர் ஆனந்தராசா சிரிக்கவில்லை.

"வாற ஞாயிறு இன்னொருக்காப் பாப்பம், பிள்ளை. அண்டைக்கும் ஒருத்தரும் முடிக்காட்டி இதைக் கழட்டிப்போட்டு நாலாவது கரம் பலகைதான்."

எல்லோரும் போன பிறகு ஐவி வளைவை விரலால் தடவினாள். விரல் வெளுத்தது. கரம் பவுடர். போடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. பலகையைக் கண்டால் கரம் விளையாடுகிறவனின் கை பவுடரைத் தேடும். காய்க்கு அது நல்லது. காரின் சில்லுக்குப் பிடி போய்விடும்.

தடுத்துப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு மட்டும் கேட்பார்கள். கையை மாற்ற ஏலாது, வளைவை மாற்றலாம்.

ஐவி படகுப் பட்டறையில் ஃபைபர் படகுகளுக்கு அச்சுச் செய்கிறவள். வளைவை அறுத்தெடுத்தாள். படகின் வயிற்றைப் போல வெளிப்பக்கத்தை உயர்த்தி வார்த்தாள். நாலு தரம் பிழையாக வந்தது. வெள்ளிக்கிழமை ஐந்தாவதைப் பொருத்தி, பவுடர் தூவிச் சுண்டினாள். கார் சுவரில் ஏறி, வழுக்கி, மறுபக்கம் இறங்கியது. பவுடரைத் துடைத்துவிட்டுச் சுண்டினாள். பாதியில் நின்றது.

ஞாயிறு ஆனந்தராசா துணியோடு நின்றார். "இண்டைக்கு ஒருத்தரும் பவுடர் போடக்கூடாது."

"போடட்டும் அண்ணை."

"போன கிழமை பட்டது காணாதோ?"

"போட்டாத்தான் ஓடும்."

நௌபர் ஒரு கைப்பிடி அள்ளினான். "பிறகு அழக்கூடாது அக்கா."

"நீங்கள் சுண்டுங்கோ தம்பி."

மூலைக் காயை விழுத்துகிற வேகத்தில் சுண்டினான். கார் சுவரில் ஏறியது. விளிம்பு வரை போனது. பிறகு சுவரோடு வழுக்கி, வளைந்து, நேர்ப்பாதையில் இரண்டு சாண் ஓடி நின்றது.

நௌபர் குந்தியிருந்து வளைவைக் கண்மட்டத்தில் பார்த்தான்.

"பாஸ் கிடைச்சிட்டுது," என்றது பின்னால் ஒரு குரல்.

அன்று போட்டியில் விட்ட நாலு கார்களும் ஓடி முடித்தன. கரத்தில் நௌபரை ஒருநாளும் வெல்லாத இராகுலன் ஒரு சுண்டு வித்தியாசத்தில் முதலாவதாக வந்தான்.

"இன்னொரு ஓட்டம்," என்றான் நௌபர். "இப்பவே."

ஆனந்தராசா மண்டபத்தைப் பார்த்தார். மூன்று கரம் பலகைகளிலும் ஆளில்லை. எல்லோரும் இந்த மேசையைச் சுற்றி நின்றார்கள்.

"சரி பிள்ளை. இது இங்கேயே நிக்கட்டும்."

ஐவி பையிலிருந்து டிரில்லை எடுத்தாள். காலையிலேயே கொண்டுவந்திருந்தாள். மேசையின் கீழே புகுந்து, முதல் காலை நிலத்தோடு பூட்டத் தொடங்கினாள்.

"மேசையை ஆட்டாதீங்கோ அக்கா," என்றான் நௌபர் மேலேயிருந்து. "இந்த ஓட்டத்தில நான்தான் முன்னுக்கு நிக்கிறன்."